பஞ்சு மிட்டாய் ஐஸ்கிரீமில் பஞ்சு மிட்டாய் எங்கே?

சித்திரை மாத மத்தியானம். வெயிலுக்குப் பயந்து தெருநாய்கூட திண்ணை நிழலில் ஒதுங்கியிருக்கும் நேரம். தூரத்தில் 'பாம்... பாம்...' என்று ஐஸ் வண்டியின் ஹாரன் கேட்டால் போதும். தூங்குவதுபோல் கண்ணை மூடிப் படுத்திருந்த பிள்ளைகள் அத்தனையும் வாசலில் நிற்கும். அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையிலும் அந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"அப்பாயி, பஞ்சு மிட்டாய் ஐஸ்கிரீம் வந்திருக்காம். இருபது ரூவா குடு."

"பஞ்சு மிட்டாயிலயா ஐஸு? அதைத்தான் விக்கக் கூடாதுன்னு கவருமெண்டே சொல்லிருச்சே!"

"அது வேற, இது வேற அப்பாயி."

"என்ன வேற? ரெண்டும் அதே ரோஸ் கலருதான கண்ணு?"

பேத்திக்குப் பதில் தெரியாது. கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அப்பாயி கேட்டது சரியான கேள்வி. பஞ்சு மிட்டாய், பபிள் கம், பெப்பர்மின்ட், கேரமல் மிட்டாய் என்று மிட்டாயின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம்கள் வருகின்றன. கப்பைத் திறந்தால் உள்ளே அந்த மிட்டாய் இருக்கிறதா, அதன் நிறமும் மணமும் மட்டும்தான் இருக்கின்றனவா?

மரம் தரும் சீசன், காலண்டர் தரும் சீசன்

ஐஸ்கிரீமில் 'சீசன் ரகம்' என்று சொல்வதில் இரண்டு விதம் உண்டு.

ஒன்று, மரத்தைப் பார்த்து வருவது. மும்பையின் ஜுஹு பகுதியில் 1984-ம் ஆண்டு 'நேச்சுரல்ஸ்' ஐஸ்கிரீம் கடையைத் தொடங்கிய ரகுநந்தன் காமத், கர்நாடகத்தைச் சேர்ந்த பழ வியாபாரி ஒருவரின் மகன். சீதாப்பழம், மாம்பழம், பலாப்பழம் என்று பழத்தையே ஐஸ்கிரீமாக்கிப் பெயர் வாங்கினார். பழம் வரத்து நின்றால் அந்த ரகமும் நின்றுவிடும். அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, காலண்டரைப் பார்த்து வருவது. அமெரிக்காவில் 1945-ல் வேர்விட்ட பாஸ்கின் ராபின்ஸ் நிறுவனம், மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ருசி என்று '31' என்ற எண்ணையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. மாதம் ஒரு புது ரகத்தை அறிமுகப்படுத்துவது அவர்களுடைய வழக்கம். அந்த நாட்டில் டிசம்பர் வந்தால் பெப்பர்மின்ட் மிட்டாய்த் துண்டுகளைப் போட்ட ஐஸ்கிரீம் கடைகளுக்கு வந்துவிடும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாயின் ருசி அது. வெளியே பனி கொட்டும்போது அங்கே ஐஸ்கிரீம் விற்கிறது என்றால், பண்டிகை நினைவுக்கு உள்ள பலம் அப்படி.

மிட்டாய்க்கு நம் ஊரிலும் சீசன் உண்டு. பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோயில் திருவிழாக்கள் வரிசை கட்டும் மாதங்கள்தான் அது. தேரோட்டமோ தீமிதியோ, தற்காலிகக் கடைகளில் ஜவ்வு மிட்டாய், தேன் மிட்டாய், பஞ்சு மிட்டாய் எல்லாம் கண் சிமிட்டும். பொம்மையின் கையில் இருந்து ஜவ்வு மிட்டாயை இழுத்து, கைக்கடிகாரமாகப் பிள்ளையின் மணிக்கட்டில் ஒட்டிவிடுவார் கடைக்காரர். திருவிழா மிட்டாய் ஞாபகமும் கோடை வெயிலும் ஒரே நேரத்தில் வருகின்றன. இரண்டையும் ஒரு கப்பில் போட்டு விற்க நினைப்பது வியாபாரிக்கு இயல்பு. அந்தக் கப்பில் என்ன போடுகிறார்கள் என்று கேட்பது நமக்கு இயல்பாக இருக்க வேண்டும்.

ரோஸ் நிறத்துக்கு ஒரு பின்கதை

அப்பாயியின் சந்தேகத்துக்குக் காரணமான சம்பவம் 2024 பிப்ரவரியில் நடந்தது. புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயை உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதித்தபோது அதில் 'ரோடமின்-பி' என்ற சாயம் இருப்பது தெரிய வந்தது. புதுச்சேரி அரசு விற்பனையைத் தடை செய்தது. தொடர்ந்து தமிழ்நாட்டிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. சென்னை மெரினா கடற்கரையில் விற்றவர்களிடமும் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். ஆய்வக முடிவிலும் அதே சாயம். 2024 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசும் பஞ்சு மிட்டாய் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. அடுத்த மாதமே கர்நாடகமும், பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது.

ரோடமின்-பி என்பது துணி, காகிதம் போன்றவற்றுக்குப் போடும் தொழிற்சாலைச் சாயம். உணவில் துளிகூடச் சேர்க்க அனுமதி இல்லை. தொடர்ந்து உடலுக்குள் போனால் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு என்று அதிகாரிகள் அப்போது எச்சரித்தார்கள். ஒரு பாக்கெட்டை வாங்கித் தின்ற பிள்ளைக்கு உடனே எதுவும் தெரியாது. அதுதான் இதில் உள்ள ஆபத்தும்கூட. வயிற்றுவலி வந்தால் நிறுத்திவிடுவோம். எதுவுமே வராததால் அடுத்த திருவிழாவிலும் வாங்கிக் கொடுப்போம்.

மூங்கில் கழியில் பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு நடந்தே விற்றவர்களில் பலர், பிழைப்பு தேடி வட மாநிலங்களில் இருந்து வந்த இளைஞர்கள். அந்தப் பொடி துணிக்கா, உணவுக்கா என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மலிவாகக் கிடைக்கிறது, பளிச்சென்று இருக்கிறது. பளிச்சென்று இருந்தால்தான் பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள். அவ்வளவுதான் கணக்கு.

பஞ்சு மிட்டாய்க்கு என்ன ருசி?

நிறத்தை எடுத்துவிட்டால் பஞ்சு மிட்டாய்க்கு என்ன ருசி? யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். சர்க்கரையின் ருசி! சர்க்கரையை உருக்கி, வேகமாகச் சுழலும் பாத்திரத்தின் சின்னத் துளைகள் வழியே இழையாக வெளியே வீசவிட்டால் அது பஞ்சு மிட்டாய். சர்க்கரை சூடாகும்போது வரும் லேசான தீய்ந்த மணம் மட்டும்தான் கூடுதல்.

இந்த இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் மாரிசன்! மிட்டாய்த் தயாரிப்பாளர் ஜான் வார்டனுடன் சேர்ந்து அவர் இதை உருவாக்கினார். 1904-ம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பெட்டி 25 சென்ட் என்று விற்று, 68,655 பெட்டிகளைத் தீர்த்தார்கள். பல் மருத்துவரே சர்க்கரைப் பஞ்சு விற்ற கதையைப் பல்லைக் காட்டாமல் யாராலும் கேட்க முடியாது.

இப்போது ஐஸ்கிரீமுக்கு வருவோம். பஞ்சு மிட்டாயை அப்படியே ஐஸ்கிரீமில் கலக்க முடியுமா? முடியாது. நாக்கில் பட்டதும் கரைகிற அந்த இழைகள், பாலில் பட்டதும் அதைவிட வேகமாகக் கரைந்துவிடும். மிஞ்சுவது சர்க்கரை மட்டும். அது ஐஸ்கிரீமில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் 'பஞ்சு மிட்டாய் ருசி' எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 'எத்தில் மால்டால்' என்ற மணப்பொருளில் இருந்து. தீய்ந்த சர்க்கரையின் மணத்தை அப்படியே கொண்டுவரும் வெள்ளைத்தூள் இது. உணவில் சேர்க்க அனுமதி பெற்றது. கூடவே கொஞ்சம் வெனிலா மணம், ரோஸோ ஊதாவோ நிறம், கப்பின் மேல் பஞ்சு மிட்டாய்ப் படம். இவை சேர்ந்ததும் மூளை மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நாம் காசு கொடுப்பது பஞ்சு மிட்டாயின் ஞாபகத்துக்கு.

இது மோசடி அல்ல. அனுமதித்த மணமும் நிறமும், அனுமதித்த அளவில் இருந்தால் சட்டப்படி சரியான பொருள்தான். ரோடமின்-பி விவகாரத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. 'அது வேற, இது வேற' என்று பேத்தி சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

கண் சொல்கிறது, நாக்கு தலையாட்டுகிறது

அப்படியானால் நிறம் எதற்கு? ருசிக்கத்தான். 1980-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், பழ ருசியுள்ள பானங்களுக்கு நிறத்தை மாற்றிக் கொடுத்தார்கள். செர்ரி ருசிப் பானம் ஆரஞ்சு நிறத்தில் வந்தபோது, அதை ஆரஞ்சு என்றே சொன்னவர்கள் இருந்தார்கள். நிறம் சரியாக இருந்தபோது பெரும்பாலானவர்களுக்கு ருசி பிடிபட்டது. நிறம் மாறியதும் நாக்கு தடுமாறியது.

ஐஸ்கிரீமில் இந்தத் தடுமாற்றம் இன்னும் அதிகம். காரணம், குளிர். நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் உள்ள ஒரு புரதம் வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாக வேலை செய்யும், குளிரில் மந்தமாகிவிடும். 2005-ல் 'நேச்சர்' ஆய்விதழில் இதை விளக்கினார்கள். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கப்பில் மிச்சம் வைத்த ஐஸ்கிரீம் முழுக்க உருகிய பிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். 'இவ்வளவு தித்திப்பையா தின்றோம்!' என்று முகம் சுளிக்கும். குளிரில் இனிப்பு குறைவாகத் தெரிவதால்தான் ஐஸ்கிரீமில் சர்க்கரை தாராளமாகப் போடப்படுகிறது.

பெப்பர்மின்ட் ரகத்தில் இன்னொரு வித்தை இருக்கிறது. நம் ஊர் சூட மிட்டாயை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் ஜில்லென்று இருக்குமே, அதே வித்தை. அதில் உள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. ஏற்கெனவே குளிர்ந்த ஐஸ்கிரீம் இன்னும் குளிர்ந்ததாகத் தோன்றும்.

ஐஸ் கேண்டியில் இருந்து ஐஸ்கிரீமுக்கு

தமிழ்நாட்டில் ஐஸ் வியாபாரம் வளர்ந்த கதையிலும் 'கேண்டி' உண்டு. 1970-ம் ஆண்டு. சிவகாசி பக்கத்துத் திருத்தங்கலைச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஆர்.ஜி.சந்திரமோகன், 13,000 ரூபாய் முதலீட்டில் சென்னை ராயபுரத்தில் 250 சதுர அடி வாடகை இடத்தில் தொழில் தொடங்கினார். அங்கே தயாரானது குச்சி ஐஸ். 'ஐஸ் கேண்டி' என்று சொல்வார்கள். தள்ளுவண்டியில் விற்ற அந்தத் தொழில்தான் பின்னாளில் 'அருண்' ஐஸ்கிரீமாகவும் ஹட்சன் நிறுவனமாகவும் வளர்ந்தது. பெருநகரத்தில் பெரிய கம்பெனிகளோடு மோதிக்கொண்டிருக்காமல் சிறு நகரங்களைத் தேடிப் போனது அந்த நிறுவனத்தின் வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். சென்னை, மதுரைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கப் ஐஸ்கிரீம் பழகியது அப்படித்தான்.

அதற்கு முன்னும் பின்னும் கிராமத்துக்கு ஐஸ் கொண்டுவந்தது சைக்கிள் பெட்டிதான். பால் ஐஸ், சேமியா ஐஸ், கிரேப் ஐஸ். சேமியா ஐஸில் அடியில் தேங்கிய சேமியாவைக் கடைசியாகக் கடித்துத் தின்பதற்காகவே மேலே இருக்கும் ஐஸை அவசரமாக உறிஞ்சிய தலைமுறை இன்று தாத்தா பாட்டியாகிவிட்டது. கிரேப் ஐஸ் தின்றவர்கள் நாக்கை நீட்டி, 'எனக்கு எவ்ளோ கலரு பாரு' என்று போட்டி போட்டதும் ஞாபகம் இருக்கலாம். நிறத்துக்கு மயங்குவது இந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் தப்பு மட்டும் இல்லை. கிரேப் ஐஸில் திராட்சை இருந்ததா என்று அன்றைக்கு எந்த அப்பாயியும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறார். அதுவே முன்னேற்றம்தான்.

ருசி பார்க்க ஐந்து படிகள்

புது மிட்டாய் ரகம் வாங்கினால், பிள்ளைகளோடு சேர்ந்து இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம்.

1. ஃப்ரீஸரில் இருந்து எடுத்ததும் தின்ன வேண்டாம். இரண்டு மூன்று நிமிஷம் வெளியே வையுங்கள். ஓரம் லேசாக இளகும்போது ருசி தெரியும். நம் ஊர் வெயிலில் ஒரு நிமிஷமே போதும்.

2. முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு தின்னச் சொல்லுங்கள். எந்த ரகம் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். 'என்ன மிட்டாய்?' என்று கேளுங்கள். ரோஸ் நிறக் கப்பில் பாதிப் பேர் வெனிலா என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

3. அடுத்த வாய்க்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இனிப்பு மட்டும் மிஞ்சும். மூக்கை விட்டதும் 'மிட்டாய்' திரும்பி வரும். ருசி என்று நாம் சொல்வதில் மணத்தின் பங்கு எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு வேறு பாடமே வேண்டாம்.

4. விழுங்கிய பிறகு கவனியுங்கள். பால் கொழுப்பு உடல் சூட்டில் உருகி வழுவழுவென்று இறங்கிவிடும். மேல் அண்ணத்தில் மெழுகுபோல் படலம் ஒட்டினால் அது தாவரக் கொழுப்பாக இருக்கலாம். லேபிளைப் பாருங்கள்.

5. கடைசி ஸ்பூனை உருகவிட்டுக் குடியுங்கள். எவ்வளவு சர்க்கரை என்று அது சொல்லிவிடும்.

கண்ணை மூடினாலும் தெரியும் மிட்டாய்கள்

இந்த விளையாட்டில் தோற்காத மிட்டாய்கள் நம் பெட்டிக்கடை ஜாடியிலேயே இருக்கின்றன.

வெல்லப்பாகும் தேங்காயும் சேர்ந்த கமர்கட்டுக்கு நிறமே ஒரு மாதிரி மங்கல்தான். ஆனால், கண்ணைக் கட்டிவிட்டு வாயில் போட்டாலும் கமர்கட் கமர்கட்தான். எள்ளுருண்டையும் அப்படியே. வறுத்த எள்ளின் லேசான கசப்பு, பாலின் இனிப்பை அளவோடு நிறுத்திவைக்கும். பனங்கற்கண்டுக்கு என்று தனி மணம் உண்டு. கடலை மிட்டாயைச் சொல்லவே வேண்டாம். வறுபட்ட வேர்க்கடலை, வெல்லம் இரண்டுக்கும் பாலோடு நல்ல பொருத்தம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்திருந்தது. ருசிக்கு ஊர்ப்பெயர் சொல்லும் அளவுக்குத் தனித்தன்மை உள்ள பண்டங்கள் இவை.

அரியலூர் மாவட்டத்துக்குக் கூடுதலாக ஒரு செல்வம் இருக்கிறது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகள்! முந்திரி வரத்து களைகட்டுவதும் இதே கோடையில்தான். முந்திரியை ஊறவைத்து அரைத்துப் பாலில் சேர்த்தால், கடையில் வாங்கும் கிரீம் இல்லாமலே ஐஸ்கிரீமுக்குக் கொழுகொழுப்பு வந்துவிடும். மரம் தரும் சீசன் என்று சொன்னோமே, அது வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வீட்டிலேயே கடலை மிட்டாய் ஐஸ்

தேவையானவை: கொழுப்பு நீக்காத பால் - 1 லிட்டர், பொடித்த வெல்லம் - 75 கிராம், முந்திரி - 15, கடலை மிட்டாய் - 100 கிராம், ஏலக்காய்த்தூள் - கால் டீஸ்பூன், சுக்குத்தூள் - 2 சிட்டிகை, உப்பு - 1 சிட்டிகை.

செய்முறை: முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மைய அரைக்கவும். அடி கனமான பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி, அடிபிடிக்காமல் கிளறிப் பாதியாகச் சுண்டவிடவும். முந்திரி விழுதைச் சேர்த்து மேலும் 3 நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கி, முழுவதும் ஆறவைக்கவும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி அதையும் ஆறவைக்கவும். இரண்டும் ஆறிய பிறகே ஒன்றாகக் கலக்கவும். சூடான பாலில் வெல்லத்தைச் சேர்த்தால் திரிந்துவிடும்.

ஏலக்காய், சுக்கு, உப்பு சேர்த்து, மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீஸரில் வைக்கவும். முதல் 3 மணி நேரத்துக்கு, மணிக்கு ஒருமுறை எடுத்து முள்கரண்டியால் நன்றாக அடித்துவிடவும். ஐஸ் கட்டிகள் பெரிதாகாமல் மிருதுவாக உறைய இதுதான் வழி. பிறகு 6 மணி நேரம் தொடாமல் விடவும்.

கடலை மிட்டாயை ஒன்றிரண்டாகத் தட்டி, பரிமாறும்போது மேலே தூவவும். முன்கூட்டியே கலந்து உறையவைத்தால், வெல்லப்பாகு ஈரத்தை இழுத்துக்கொண்டு நமத்துவிடும். மொறுமொறுப்புதான் இதில் பாதி ருசி. சின்னக் குழந்தைகளுக்குத் துண்டாகத் தராமல் பொடித்துத் தூவுங்கள், தொண்டையில் சிக்காது. வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேண்டாம். வெல்லம்தானே என்று சர்க்கரை நோயாளிகள் இரண்டு கப் தின்றுவிட வேண்டாம். வெல்லமும் சர்க்கரைதான்.

கப்பைத் திருப்பிப் படியுங்கள்

கடையில் வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

பெயர்: 'ஐஸ்கிரீம்' என்று போட்டிருந்தால் அதில் இருப்பது பால் கொழுப்பு, குறைந்தது 10 சதவிகிதம். 'மீடியம் ஃபேட்', 'லோ ஃபேட்' என்றால் அதைவிடக் குறைவு. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தால் தாவர எண்ணெய் அல்லது தாவரக் கொழுப்பில் செய்தது. இரண்டுமே சட்டப்படி சரியானவை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எடை: ஐஸ்கிரீமில் காற்றையும் அடித்துச் சேர்ப்பார்கள். காற்று இல்லாவிட்டால் கல்லாக உறைந்துவிடும். ஆனால் அளவு மீறக் கூடாது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதாவது 100 மில்லி கப்பில் சுமார் 52 கிராமாவது இருக்க வேண்டும்.

நிறம்: செயற்கை நிறம் சேர்த்திருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். 102, 110, 122, 124, 127, 133 ஆகியவை அனுமதித்த செயற்கை நிறங்களின் எண்கள். 162 என்றால் பீட்ரூட், 100 என்றால் மஞ்சளில் இருந்து எடுத்த நிறம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குடித்த குழந்தைகளில், சிலரிடம் துறுதுறுப்பு அளவுக்கு மீறிக் கூடியதாக அதில் சொல்லப்பட்டது. 102, 110, 122, 124 உள்ளிட்ட ஆறு நிறங்களில் ஏதாவது ஒன்று இருந்தால் லேபிளில் எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்று 2010-ல் இருந்து ஐரோப்பிய நாடுகள் கட்டாயமாக்கின. எப்போதாவது ஒரு கப் என்றால் பயப்படத் தேவையில்லை. தினமும் ஒன்று என்றால் யோசிக்க வேண்டும்.

உரிம எண்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கப் நசுங்கி, மேலே ஐஸ் முள்முள்ளாகப் படிந்திருந்தால் கரண்ட் போனபோது உருகி மறுபடி உறைந்ததாக இருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லேபிளே இல்லாத சைக்கிள் ஐஸ்காரரிடம் என்ன செய்வது? எந்தக் கம்பெனி ஐஸ், என்ன தண்ணீர் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. பளீரென்ற ரோஸைவிடப் பால் ஐஸும் சேமியா ஐஸும் நல்ல தேர்வு. பிள்ளைகள் வெள்ளை ஐஸைக் கேட்டு வாங்கப் பழகினால், அவரும் அதையே அதிகம் கொண்டுவருவார். உணவில் சாயம் கலந்திருக்கிறது என்று பலமான சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகைப்படத்தோடு தெரிவிக்கலாம். பார்வையை வைத்து ரோடமின்-பி-யைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

திண்ணைக்குத் திரும்புவோம். இருபது ரூபாய்க்குப் பதில் ஒரு கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ வருகிறது. மேலே கடலை மிட்டாய்த் தூள். பேத்தியின் முகம் சுருங்குகிறது.

"என்ன அப்பாயி, கலரே இல்ல?"

"கண்ண மூடிட்டுத் தின்னு."

ஒரு வாய். 'மொறுக்' என்று ஒரு சத்தம். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"என்ன மிட்டாய்னு தெரியுதா?"

பேத்தி பதில் சொல்லவில்லை. ஸ்பூனை நிரப்பி அப்பாயியின் வாய்க்கு நேராக நீட்டுகிறாள்.

"நீயும் கண்ண மூடு."